நூலகரின் பணி

பொது நூலகம் ஒன்றின் கதவு காலையில் திறக்குமுன், அதன் வாயிலில் சிலர் காத்து நிற்பதைக் காணலாம். செய்தித்தாள் படிக்க வரும் முதியோர் ஒருபுறம் இருப்பர். தோளில் பையும் கையில் குறிப்பேடும் கொண்ட இளைஞரும் இளம்பெண்களும் மற்றொருபுறம் இருப்பர். இவ்விளையோருள் பலர் வேலை தேடுவோர்; அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளுக்குப் படிப்போர். வீட்டில் அமைதியான இடம் இல்லாதவர்க்கு நூலகமே படிப்பறை. விலை கொடுத்து நூல் வாங்க இயலாதவர்க்கு அங்குள்ள அலமாரியே செல்வம். இவர்களுக்காக உள்ளே பணியாற்றுபவரே நூலகர்.

நூலகரின் வேலை யாது? மேசையின் முன் அமர்ந்து நூலைக் கொடுப்பதும் வாங்குவதுமே அவர் வேலை எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு என்பதை, அவருடைய ஒரு நாளைக் கண்டோர் உணர்வர்.

காலையில் வந்தவுடன் அவர் நாளிதழ்களைப் பதிவேட்டில் குறித்துப் படிப்பகத்தில் வைப்பார். அவற்றில் வந்துள்ள வேலைவாய்ப்பு அறிவிப்புகளைத் தேடி எடுப்பார். பதவியின் பெயர், கல்வித் தகுதி, வயது வரம்பு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகிய நான்கையும் தெளிவாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். கடைசி நாள் கடந்துபோன அறிவிப்புகளை அன்றன்றே அகற்றுவார். அகற்றத் தவறினால், அதனை நம்பி ஒருவர் சான்றிதழ்களைத் திரட்டிக்கொண்டு வீணே அலைய நேரும் அன்றோ?

பின்னர், திரும்பி வந்த நூல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். தாள் கிழிந்திருப்பின் மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒட்டுவார். பளபளக்கும் ஒட்டுநாடாவை அவர் பயன்படுத்துவதில்லை; நாளடைவில் அது பழுப்பேறித் தாளையும் கெடுத்துவிடும். தையல் விட்ட நூல்களைப் புத்தகம் கட்டுவோரிடம் அனுப்புவதற்குத் தனியே அடுக்குவார். இராமபாணப் பூச்சியும் கறையானும் நூல்களுக்குப் பெரும்பகை. ஈரமும் இருளும் உள்ள இடத்தை அவை நாடும். ஆதலால் அடித்தட்டு நூல்களை எடுத்துத் தூசி தட்டிக் காற்றாட வைப்பார். இடம் மாறிக் கிடக்கும் நூல்களை, அவற்றின் எண்ணைப் பார்த்து உரிய இடத்தில் சேர்ப்பார். இடம் மாறிய நூல் இருந்தும் இல்லாததே ஆகும்.

நூல்களைப் பேணுவது ஒரு பணி, மக்களுக்கு உதவுவது வேறொரு பணி என்று தோன்றலாம். இரண்டும் ஒன்றே என்பது பின்வரும் நிகழ்ச்சியால் விளங்கும்.

ஒரு சிற்றூரின் கிளை நூலகத்திற்கு இளைஞன் ஒருவன் நாள்தோறும் வந்துகொண்டிருந்தான். அவன் தந்தையார் நெசவுத் தொழிலாளி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளுள், மக்கள் ‘குரூப் நான்கு’ என வழங்கும் தேர்வுக்கு அவன் படித்து வந்தான். அலமாரியில் கண்ட பருமனான நூல் ஒன்றை எடுத்து, இரண்டு மாத காலம் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினான். ஒரு நாள் அவ்வழியே சென்ற நூலகர் அம்மையார் அந்நூலைக் கண்டு நின்றார்.

“தம்பி, எந்தப் பகுதியைப் படிக்கிறாய்?” என்று வினவினார்.

“பொது ஆங்கிலம் படிக்கிறேன், அம்மா. அதிலிருந்து நூறு வினாக்கள் வரும் என்று இந்நூலில் உள்ளது” என்றான் அவன்.

அந்நூல் 2016ஆம் ஆண்டில் அச்சானது. அக்காலத்தில் அத்தேர்வை எழுதுவோர் பொதுத் தமிழ், பொது ஆங்கிலம் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிறந்த அரசாணை அம்முறையை மாற்றியது. தமிழ்மொழித் தகுதித் தேர்வு எல்லார்க்கும் கட்டாயமாயிற்று. 2022ஆம் ஆண்டில் நடந்த தேர்விலேயே 200 வினாக்களுள் 100 வினாக்கள் தமிழுக்கு உரியனவாயின. அப்பகுதியில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவருடைய ஏனைய விடைகள் மதிப்பிடப்பெறா என்னும் விதியும் வந்தது. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் உள்ளன என்றும் அந்நூலில் அச்சிட்டிருந்தது. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் ஆறு மாவட்டங்கள் புதியனவாய்த் தோன்றி, அவ்வெண் 38 ஆகிவிட்டது.

அம்மையார் இவற்றை எடுத்துரைத்தார். இளைஞன் தன் குறிப்பேட்டை நோக்கினான்; அவன் முகம் வாடியது.

“இரண்டு மாதம் வீணாயிற்றே! நான் ஆண்டைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும்” என்றான்.

“இல்லை, தம்பி. இந்நூல் இந்த அலமாரியில் இருந்திருக்கவே கூடாது. இதனை எடுக்காமல் விட்டது என் பிழை” என்றார் அம்மையார்.

அவர் தம் இருக்கைக்குத் திரும்பிவிடவில்லை. கணினியில் தேர்வாணையத்தின் இணையதளத்தைத் திறந்து, அப்போதைய பாடத்திட்டத்தை அச்செடுத்து அவனிடம் கொடுத்தார். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் புதிதாக வெளிவந்த ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களை எடுத்து வந்து அடுக்கினார். முறை மாறிய பின்னர் நடந்த தேர்வுகளின் வினாத்தாள்களையும் சேர்த்து வைத்தார். விண்ணப்ப அறிவிப்பை அவனையே வரி வரியாகப் படிக்கச் செய்தார். ஒருமுறைப் பதிவு செய்வது எப்படி, ஒளிப்படத்தையும் கையொப்பத்தையும் இணைப்பது எப்படி என்பவற்றைக் கற்பித்தார். “வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்பாதே” என்றும் எச்சரித்தார்.

“எனக்கு வேலை கிடைக்குமா, அம்மா?” என்று அவன் கேட்டான்.

“அதை நான் கூற இயலாது. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு இது. ஆனால், இனி இந்த மேசையில் நீ படிக்கும் நூல் உன்னை ஏமாற்றாது. அதற்கு நான் பொறுப்பு” என்று அவர் விடையளித்தார்.

அன்று மாலை நூலகம் அடைத்த பின்னும் அம்மையார் வீடு செல்லவில்லை. தேர்வு நூல்கள் அனைத்தையும் இறக்கி, ஒவ்வொன்றும் அச்சான ஆண்டைப் பார்த்தார், காலங்கடந்தவற்றைப் பிரித்தார். அவற்றைத் தம் விருப்பப்படி எறிந்துவிட அவருக்கு உரிமை இல்லை. பொதுப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. பட்டியல் எழுதி, மேலதிகாரிகளின் ஒப்புதல் பெற்ற பின்னரே நீக்குதல் வேண்டும். அதுவரை அவற்றைத் தனியே வைத்து, ‘பழைய பாடத்திட்டம்’ என்று எழுதி ஒட்டினார்.

அங்ஙனமாயின் பழைய நூல் யாவும் பயனற்றனவோ? அல்ல. சீர்காழி எம்மாவட்டத்தில் உள்ளது என்று தேடுவோமாயின், 1980ஆம் ஆண்டு நூல் தஞ்சாவூர் எனக் கூறும். 2010ஆம் ஆண்டு நூல் நாகப்பட்டினம் எனக் கூறும். இன்றைய நூல் மயிலாடுதுறை எனக் கூறும். மூன்றும் அவ்வக்காலத்து உண்மைகளே. வரலாறு ஆராய்வோர்க்கு மூன்றும் வேண்டும். நாளைத் தேர்வு எழுதுவோர்க்கு இன்றைய நூலே வேண்டும். எவருக்கு எது வேண்டும் என்று அறிந்து கொடுப்பதே நூலகரின் புலமை.

அச்சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்தவரே அறிஞர் சீ. இரா. அரங்கநாதனார். கணித ஆசிரியராக விளங்கிய அவர், 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931ஆம் ஆண்டில் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே உரியன என்பதும், படிப்பவரின் காலம் வீணாகலாகாது என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதும் அவ்விதிகளின் கருத்துகளுட் சில. அம்மையார் அன்று மாலை செய்த வேலையில் இவை மூன்றும் அடங்கியிருத்தல் காண்க.

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நம்முடையதே. 1948ஆம் ஆண்டின் அச்சட்டம் நூலக வரிக்கு வழி செய்தது. சொத்து வரியோடு சேர்த்து மக்கள் செலுத்தும் அவ்வரியே நூலகங்களை வளர்க்கிறது. ஆகவே நூலகத்தின் ஒவ்வொரு நூலிலும் ஊரார் அனைவர்க்கும் பங்குண்டு. தனக்கு வேண்டிய பக்கத்தைக் கிழித்துச் செல்பவன், பின்னே வரும் ஏழை மாணவன் ஒருவனுடைய பங்கைக் கவர்ந்தவன் ஆகிறான்.

மாணவர்களே! நூலகத்திற்குச் செல்லும்போது நூல் அச்சான ஆண்டைப் பாருங்கள். ஐயம் எழுந்தால் கூச்சமின்றி நூலகரைக் கேளுங்கள். எடுத்த நூலைக் கசங்காமல் குறித்த நாளில் திருப்பிக் கொடுங்கள்.

அந்த இளைஞன் தேர்வு எழுதி முடித்த மறுநாள் நூலகத்திற்கு வந்தான். தான் புதிதாக எழுதிய குறிப்பேடுகளைப் பின்வருவோர்க்கு உதவட்டும் என்று அம்மையாரிடம் கொடுத்தான். ஒவ்வொரு குறிப்பேட்டின் முகப்பிலும் பெரிய எழுத்துகளில் ஒன்றை எழுதியிருந்தான். அது அவன் பெயரன்று. அக்குறிப்புகளை எழுதிய ஆண்டு.