ஓடாத காருக்கு நியாயக் கிரயம்

சகோதர வியாபாரிகளே! சுங்கைப் பட்டாணி, கூலிம் தோட்டப்புறங்களில் ஓடாது நிற்கும் மோரிஸ் மைனரை விற்கும்போது நாம் கிரயத்தை எப்படிக் காண்பது? 1948 முதல் 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி அது; ஆகவே பழமை மட்டும் விலையாகாது.

முதலில் இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்பு கணக்கு. அதே வண்டி ஓடும் நிலையில் 20,000 வெள்ளி பெறுமென வைத்துக் கொள்வோம். பட்டறைக்காரர் சொல்லும் செலவு 8,000. இழுத்துச் செல்ல 500. இயந்திரத்தைத் திறந்தபின் தெரியவரும் பழுதுக்கு 1,500. கழித்தால் 10,000. அதுவே நியாயம். கழித்த மிச்சம் பழைய இரும்பின் விலைக்கும் குறைந்தால் இரும்பு விலைக்கே கொடுக்கலாம்.

இயந்திரம் இறுகியதையும் அடித்தகடு துருவேறியதையும் வாங்குபவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். ஐபை மறைத்து நாம் கூடுதலாகப் பெறும் ஆயிரம், அவர் பட்டறையில் இழக்கும் ஆயிரமே. அதில் பரக்கத் ஏது?