பாறைத் தோட்டத்து டெய்சி: குளிரை விட ஈரமே எதிரி

ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் ஆஸ்டர் அல்பைனஸ், ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும் குட்டை டெய்சி. மஞ்சள் வட்டத்தைச் சுற்றி ஊதா இதழ்கள். பிரிட்டன் தோட்டங்களில் இது குளிர்காலத்தில் பட்டுப்போனால் குளிரின் மேல்தான் பழி விழும். அது நியாயமில்லை. பிறந்த மண்ணில் மாதக்கணக்கில் பனிக்கு அடியில் உறங்கி எழும் செடி இது. அங்கே பனி உறைந்து கிடப்பதால் நீர் தேங்குவதில்லை. பிரிட்டனிலோ குளிர்காலம் முழுக்க மழைதான். அடித்தண்டு நனைந்தே கிடந்து அழுகிவிடுகிறது.

ஆகவே தோட்டமண், இலைமக்கு, பொடிச்சரளை மூன்றையும் சமமாகக் கலந்து, வெயில் விழும் சரிவில் நடுங்கள். செடியின் கழுத்தைச் சுற்றி 2 செ.மீ. சரளை பரப்புங்கள். இத்தனை சரளை இருந்தால் கோடையில் காய்ந்துபோகாதா என்று கேட்கலாம். நட்ட முதல் கோடையில் நீர் ஊற்றத்தான் வேண்டும். பிறகு வேர் கல்லுக்கு அடியில் இறங்கிவிடும். மேல்மண் உலர்ந்தாலும் அங்கே ஈரம் தங்கும். எரு போட்டால் இன்னும் செழிக்குமே என்பதும் தவறான கணக்கு. கொழுத்த மண்ணில் தண்டு நீண்டு சாயும், அதன் அழகான குட்டை வடிவமே கெட்டுவிடும். சில ஆண்டுகளில் நடுப்பகுதி வெறுமையானால், வசந்தத்தில் தூரைப் பிரித்து நடுங்கள்.