சோலார் பெனலை அளந்து பார்த்து வாங்குங்கள்



பழைய பெனல் விற்கிறவர் மீட்டரில் 20 வோல்ட் காட்டினதும் காசைக் கொடுத்துவிடாதீங்க. அலவத்துகொடயில் மேகம் மூடின நாளிலும் வோல்ட் ஏறக்குறைய அப்படியே காட்டும். குறைவது அம்பியர்தான். இரண்டையும் பாருங்கள்.

1. உச்சி வெயிலில், தூசி துடைத்து, பெனலைச் சூரியனுக்கு நேரே வையுங்கள். பற்றறியைக் கழற்றிவிடுங்கள்.

2. மீட்டரை டீசீ வோல்ட்டில் வையுங்கள். 36 செல் பெனல் 20 முதல் 22 வரை காட்டும். பெனல் சூடானால் சற்றுக் குறையும்.

3. பெனலைத் துணியால் மூடுங்கள். சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, டீசீ அம்பியரில் வைத்து, பெனலின் இரு முனையிலும் பொருத்தி, துணியை எடுங்கள். 50 வாட் பெனலுக்குச் சுமார் 3 அம்பியர் வர வேண்டும். பாதிதான் வந்தால் வாங்காதீங்க.

இரண்டையும் பெருக்கி "இத்தனை வாட்" என்றால் நம்ப வேண்டாம். கிடைப்பது அதில் முக்கால் பங்கு அளவுதான்.

எச்சரிக்கை: அம்பியரில் உள்ள மீட்டரைப் பற்றறியில் வைக்கவே கூடாது. பியூஸ் போகும், கையும் சுடும். கூரையில் வரிசையாகப் பூட்டிய பெரிய பெனல்களை மின்வேலை தெரிந்தவரே அளக்கட்டும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள்.