முதற் சேமிப்பு

உழைத்து ஈட்டிய பொருளை எவ்வழியிற் செலவிடுவது என்னும் வினா, இளைஞர் ஒவ்வொருவர் முன்னும் ஒருநாள் வந்து நிற்கும். பெற்றோர் தந்த பொருளைச் செலவிடும்போது தோன்றாத தயக்கம், தன் கையால் ஈட்டிய முதற்பொருளைச் செலவிடும்போது தோன்றும். அத்தயக்கம் கோழைத்தனம் அன்று. பொறுப்புணர்ச்சியின் முதல் அரும்பாகும்.

கோயம்புத்தூரைச் சார்ந்த பீளமேட்டில், நீரேற்றும் பம்புகள் செய்யும் பட்டறை ஒன்றில் ஓர் இளைஞன் வேலை பார்த்து வந்தான். 'லேத்து' என்று மக்கள் வழங்கும் கடைசல் எந்திரமே அவன் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மூன்றாண்டுகள் அவன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், வங்கியில் ஏறத்தாழ 1 இலட்சம் ரூபாயாக வளர்ந்திருந்தது. ஒருநாள் மாலை, ஒப்பணக்காரத் தெருவில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னே, சுவிட்சர்லாந்து நாட்டில் செய்யப்பட்ட கைக்கடிகாரம் ஒன்றைக் கண்டான். அதன் அழகு அவன் கண்ணைக் கவர்ந்தது. விலையைக் கேட்டான், அவன் சேமிப்பு முழுவதும் அதற்கே சரியாக இருந்தது.

நண்பர் சிலர், "இளமையில் அணியாமல் முதுமையிலா அணியப் போகிறாய்? வாங்கிவிடு" என்றனர். வேறு சிலர், "இது வீண் செலவு, அப்பக்கம் தலைவைத்தும் படுக்காதே" என்றனர். இரு சாராரும் ஆராயாமலே தீர்ப்புக் கூறினர். தெளிவு பெறாத அவ்விளைஞன், விடுமுறை நாளில் சூலூருக்கு அருகிலுள்ள தன் ஊருக்குச் சென்று, தந்தையின் தந்தையாரிடம் தன் எண்ணத்தை உரைத்தான்.

முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன், கண்ணு. விலை மிகுந்த பொருளை வாங்கியதனால் கெட்டவரும் உண்டு. அதனால் உயர்ந்தவரும் உண்டு. நம் பக்கத்து ஊராகிய கலங்கலில் பிறந்த ஒருவரை நினைத்துப் பார். அவரும் உன்னைப் போலத்தான் ஒரு பொருளின் மீது ஆசை கொண்டார்" என்றார்.

அவர் குறித்தது ஜி. டி. நாயுடு அவர்களையே ஆகும். கோபாலசாமி துரைசாமி நாயுடு, 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பம் ஒன்றில் தோன்றினார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. தொடக்க வகுப்புக்களோடு அவர் படிப்பு நின்றது. வயலும் வரப்புமே அவருக்கு உலகமாய் இருந்தன.

அக்காலத்தில் ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியைத் துரைசாமி வியப்போடு நோக்கினார். அவ்வண்டி பழுதுபட்டு வழியில் நின்றதென்றும், அதிகாரி அதனைச் செப்பஞ் செய்வதை அவர் அருகிலிருந்து உற்று நோக்கினார் என்றும் அவர் வரலாற்றைக் கூறுவோர் உரைப்பர். அதுபோன்ற வண்டியொன்றைத் தாமும் பெற வேண்டும் என்னும் ஆசை அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஆசை கொள்வது எளிது; அதற்குரிய விலையைக் கொடுப்பதே அரிது. துரைசாமி கோயம்புத்தூருக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். நாள்தோறும் எச்சில் இலைகளுக்கும் நீர்க்குவளைகளுக்கும் இடையே நின்று உழைத்தார். கிடைத்த ஊதியத்தைச் சிதறவிடாமல் சேர்த்தார். சில ஆண்டுகளில், சில நூறு ரூபாய் சேர்ந்தது. அத்தொகை, அந்நாளில் எளிய குடும்பம் ஒன்றிற்குப் பெருஞ் செல்வமாகும். அதனைக் கொண்டு அவர் நிலம் வாங்கவில்லை; மாடு வாங்கவில்லை; தாம் விரும்பிய மோட்டார் சைக்கிளையே வாங்கினார்.

ஊரார் இதனை அறிந்தபோது என்ன நினைத்திருப்பர்? கல்வியும் செல்வமும் இல்லாத இளைஞர் ஒருவர், தம் சேமிப்பு முழுவதையும் ஓர் ஊர்திக்குக் கொடுத்தது அவர்களுக்கு ஊதாரித்தனமாகவே தோன்றியிருக்கும். ஆயினும், வண்டி கைக்கு வந்தபின் அவர் செய்த செயலே இங்குச் சிந்திக்கத் தக்கது. அவர் அதன்மீது ஏறி ஊரைச் சுற்றுவதோடு மனநிறைவு கொள்ளவில்லை. அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எவ்வுறுப்பு எவ்வுறுப்பை இயக்குகின்றது என்று ஆராய்ந்தார். மீண்டும் அவற்றைப் பொருத்தி வண்டியை ஓடச் செய்தார். ஏட்டிற் கற்க மறுத்த அவருக்கு, அவ்வண்டியே ஏடாகவும் ஆசிரியராகவும் அமைந்தது.

பின்னர் அவர் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருளீட்டினார். பெரும்பொருள் ஈட்டும் நோக்கத்தோடு பம்பாய் சென்று வணிகம் செய்தபோது, தேடிய செல்வம் அவர் கையை விட்டு அகன்றது. பணம் போயிற்று, ஆனால் எந்திரத்தைப் பற்றிய அறிவு போகவில்லை. 1920-ஆம் ஆண்டில், கோயம்புத்தூர்த் தொழில் முதல்வராய் விளங்கிய ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டி, யு. எம். எஸ். என்று வழங்கிய பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. வணிகத்தில் வந்த செல்வம் வணிகத்திலேயே மறைந்தது. மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்ற கல்வியோ கரைசேர்க்கும் தோணியாயிற்று.

இவ்வரலாற்றில் மற்றொரு சிறப்பும் உண்டு. விலை மிகுந்த பொருளுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அவர், பிற்காலத்தில் அத்தகைய பொருள்களை எளியவரும் வாங்கும்படி செய்யவே முயன்றார். 1937-ஆம் ஆண்டில் அவரும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் முயன்று, பீளமேட்டில் மின்மோட்டாரை உருவாக்கினர். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-இல் அவர் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரத்தக்க சிறு கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி மேலே செல்லவில்லை. இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிக்க 1945-ஆம் ஆண்டில் அவர் தோற்றுவித்த நிலையமே, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகக் கோவையில் விளங்குகின்றது. 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவிநாசிச் சாலையில் 2025-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

முதியவர் கூறிய இக்கதையைக் கேட்ட இளைஞன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நானும் கடிகாரத்தை வாங்கலாம் அன்றோ, அப்பாரு? அவரும் தம் சேமிப்பு முழுவதையும் ஒரே பொருளுக்குத்தானே கொடுத்தார்?" என்று அவன் கேட்டான்.

"அவர் வண்டியை வாங்கியது அதனுள் இருப்பதை அறிவதற்கு. நீ கடிகாரத்தை வாங்க விரும்புவது எதற்கு? காலத்தை அறிவதற்கா, கடிகாரத்தை அறிவதற்கா, உன் கையைப் பிறர் அறிவதற்கா? இதற்கு விடை உன்னிடமே இருக்கின்றது" என்றார் முதியவர்.

இளைஞன் உடனே விடை கூறவில்லை. பட்டறையிலும் அவ்வினா அவனைத் தொடர்ந்தது. காலத்தை அறிவதற்கு அக்கடிகாரம் தேவையா என்று முதலில் எண்ணினான். சுருள்வில்லின் விசையால் ஓடும் கடிகாரம், எத்துணை விலை உயர்ந்ததாயினும், நாளொன்றுக்குச் சில நொடிகள் முந்தவோ பிந்தவோ செய்யும். குவார்ட்ஸ் என்னும் படிகத்தால் இயங்கும் கடிகாரமோ, அப்படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதைக் கொண்டு காலத்தைக் கணக்கிடுகின்றது. திங்கள் முழுவதும் சேர்ந்தே சில நொடிகள்தாம் பிழைபடும். இவ்வகைக் கைக்கடிகாரத்தை ஜப்பானியர் 1969-இல் முதன்முதல் விற்றபோது, அதன் விலை ஒரு காரின் விலைக்கு ஈடாயிருந்தது. இன்றோ, டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் அத்தகைய கடிகாரங்களைச் செய்து, எளியவரும் வாங்கும் விலையில் விற்கின்றது. ஆதலின், 1 இலட்சம் ரூபாய் கொடுப்பவன் நுட்பமான காலத்தை வாங்கவில்லை. நுட்பமான கைவேலையையும் அதனோடு சேர்ந்த பெருமதிப்பையுமே வாங்குகின்றான்.

கைவேலையைப் போற்றுவது குற்றம் அன்று. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவையும் கவனித்துக் கடையும் தொழிலாளி, பிறர் செய்த நுண்பணியைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆனால், அம்மகிழ்ச்சிக்காகக் கையிருப்பு முழுவதையும் கொடுத்துவிட்டால், நாளை நோய் வந்தாலும் வேலை நின்றாலும் அவன் யாரிடம் கை நீட்டுவான்? மேலும், அப்பணத்தை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டுவட்டி கிடைக்கும் வழியில் வைத்தால், பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ இரு மடங்காகும். விலைவாசியும் அதற்கிடையே உயரும் என்பது உண்மையே. ஆயினும், உறங்கும்போதும் உழைக்கும் பணம் சிறிதேனும் துணை நிற்கும். இளமையில் தொடங்குவோர்க்கே அத்துணை நெடுங்காலம் கிட்டும்.

இவ்வாறெல்லாம் எண்ணியபின், தான் அக்கடிகாரத்தை விரும்பியது பெரும்பாலும் பட்டறை நண்பர்களின் கண்களுக்காகவே என்பதை அவன் தனக்குத்தானே ஒப்புக்கொண்டான். அதனை ஒப்புக்கொள்வது அவனுக்கு எளிதாய் இருக்கவில்லை.

சேமிப்பின் பெரும்பகுதியை அவன் வங்கியிலேயே விட்டுவைத்தான். ஒரு பகுதியைச் செலவிட்டு, கணினியால் இயங்கும் கடைசல் எந்திரத்தை இயக்கும் பயிற்சியில் மாலை நேரங்களில் சேர்ந்தான். வகுப்புக்கு நேரந் தவறாமற் செல்ல எளிய குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த முறை அவன் ஊருக்குச் சென்றபோது, முதியவர் தம் மரப்பெட்டியைத் திறந்து பழைய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்றின் துணையோடு 1961-ஆம் ஆண்டு முதல் பெங்களூரிற் கடிகாரம் செய்து வந்த எச். எம். டி. என்னும் அரசினர் நிறுவனத்தில் உருவானது அது. "ஓர் ஆண்டுப் பருத்தி விற்ற பணத்தில் இதை வாங்கினேன். கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் முறை வைத்து வரும். இரவில் அந்த நேரத்தைத் தவறவிட்டால் பயிர் வாடும். உன் அப்பத்தா அப்போது இதை வீண் செலவென்று சொல்லிச் சினந்தாள். அந்தக் கோடையில் பயிரைக் காத்தது இதுதான். பல ஆண்டுகளாக ஓடவில்லை, வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்" என்றார்.

இளைஞன் அதனைக் கோவையில் தெருவோரம் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றான். அவர் முன்னிலையில் தானே கழற்றக் கற்றான். அரிசியினும் சிறிய திருகுகளையும், இழைபோன்ற சுருள்வில்லையும், ஒரு மணிக்கு 18,000 முறை துடிக்கும் சமன்சக்கரத்தையும் கண்டு வியந்தான். முதல் முறை பொருத்தியபோது அது ஓடவில்லை. ஒரு திருகும் காணாமற் போயிற்று. இரண்டாம் முறையும் ஓடவில்லை. மூன்றாம் முறை அதன் துடிப்பைக் காதருகே வைத்துக் கேட்டான். அது மெல்ல ஒலித்தது.

அக்கடிகாரம் நாள்தோறும் இரண்டு நிமிடம் பிந்தியே ஓடுகின்றது. அவன் ஒவ்வொரு காலையும் அதனைத் திருத்தி வைத்துவிட்டுப் பட்டறைக்குச் செல்கின்றான்.

பயிற்சி வினாக்கள்

1. மோட்டார் சைக்கிள் வாங்கியதற்கும் கைக்கடிகாரம் வாங்க விரும்பியதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஜி. டி. நாயுடு பம்பாயில் இழந்தது யாது? இழக்காதது யாது?
3. முதியவர் தம் கடிகாரத்தை வாங்கியது வீண் செலவா? காரணங் காட்டி எழுதுக.
4. 'என் முதற் சேமிப்பு' என்னும் பொருள் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.