ஆஸ்பெர்கர் தன்மையை அறிந்துகொள்வோம்

வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் வாளையார்ப் பிள்ளைகளில் ஒருவன் யாருடனும் ஒட்டாமல் இருந்தால், "இரண்டு மொழிக் குழப்பம், போகப்போகச் சரியாகும்" என்று சொல்லிவிடுகிறோம். இரு மொழி பேசுவதால் ஆஸ்பெர்கர் தன்மை வருவதில்லை என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன்.

1944இல் வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதை விவரித்தார். 1981இல் லோர்னா விங் எழுதிய கட்டுரையால் அவர் பெயர் இதற்குப் பரவியது. 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேடு இதை ஆட்டிசத்திலேயே அடக்கிவிட்டது.

அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். பேச்சு நன்றாக வரும். ஆனால் "காது குத்தாதே" என்றால் காதைத் தொட்டுப் பார்க்கலாம். ரயில் நேரங்களை ஒப்பிப்பான். கேட்பவரின் சலிப்பு அவனுக்குப் புரியாது. வழக்கம் மாறினாலும், வெடிச்சத்தம் கேட்டாலும் தவிப்பான். இது திமிருமன்று, வளர்ப்புக் குறையுமன்று. பெண் குழந்தைகளிடம் இது எளிதில் கண்ணில் படாது.

சொல்வதை நேராகச் சொல்லுங்கள். மாற்றங்களை முன்கூட்டியே தெரிவியுங்கள். அடிக்காதீர்கள். நம் மாவட்டத்தின் ஷொர்ணூரில் உள்ள 'இக்கான்ஸ்' நிலையத்தை அணுகலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.