கடலில் ஓடும் கிடங்கு

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். நம்ம ஊரில் கடல் இல்லைதான். ஆனால் டீசல் என்ஜினும் ஜெனரேட்டரும் மோட்டாரும் நாம் படிப்பவைதானே!

நான் சொல்ல வந்தது, அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பலான 'சார்லஸ் ட்ரூ'வின் கதை. ரத்த பிளாஸ்மாவைச் சேமித்து வைக்கும் முறையை வளர்த்த டாக்டரின் பெயர் அது. சான் டியாகோவின் நாஸ்கோ தளத்தில் கட்டப்பட்ட இக்கப்பல், 2010 பிப்ரவரியில் கடலில் இறங்கி, ஜூலையில் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே வகையைச் சேர்ந்த 14 கப்பல்களில் இது 10-வது. நீளம் சுமார் 210 மீட்டர். இதை ஓட்டுபவர்கள் ராணுவ வீரர்கள் அல்லர், சிவிலியன் மாலுமிகள்.

இதன் வேலை என்ன? நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு உணவு, வெடிமருந்து, எரிபொருள், உதிரி பாகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டு கப்பல்களும் ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாகப் போகும். நடுவே இரும்பு வடம் கட்டி, அதில் சரக்கை இழுத்து அனுப்புவார்கள். வடம் தொய்யவும் கூடாது, அறுந்துவிடவும் கூடாது.

இதில் டீசல் என்ஜின் நேராக புரொப்பல்லரைச் சுற்றுவதில்லை. என்ஜின்கள் ஜெனரேட்டர்களை ஓட்டும். அந்த மின்சாரத்தில் மோட்டார் புரொப்பல்லரைச் சுற்றும். அதே மின்சாரம் சரக்கு ஏற்றி இறக்கும் கருவிகளுக்கும் குளிர்பதன அறைகளுக்கும் போகும். எங்கே தேவையோ அங்கே பவரைத் திருப்பலாம்.

2022 ஆகஸ்ட் 7 அன்று இக்கப்பல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்டு டி தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. திட்டமிட்ட வேலை 11 நாள். அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கு இந்தியாவில் பழுது பார்த்தது இதுவே முதல் முறை. 2023 மார்ச்சில் இதே வகையைச் சேர்ந்த 'மேத்யூ பெர்ரி' வந்தது. 2023 ஜூலையில் ஐந்தாண்டு ஒப்பந்தமே கையெழுத்தானது.

ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்? பழுது பார்க்கப் பசிபிக் கடலைத் தாண்டி ஊர் திரும்பினால் நாள் வீணாகும். அதுவரை போர்க்கப்பல்களுக்குச் சாமான் யார் கொடுப்பது? பஸ் எஃப்.சி.க்குப் போனால் அந்த ரூட்டில் பயணிகள் காத்துக் கிடப்பதில்லையா, அதுபோலத்தான். வேலை சுத்தமாகவும் சொன்ன நாளிலும் முடிய வேண்டும்.

"டிசைன்தான் பெரிய வேலை, ரிப்பேர் சின்ன வேலை" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு கப்பலைக் கட்டுவது ஒரு முறைதான். பராமரிப்பது அதன் ஆயுள் முழுக்க. டிப்ளமோ படித்த கைகளுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. ஒர்க் ஷாப் பீரியடைக் கட் அடிக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!