தீராத ஒற்றைத் தலைவலி: பிரிட்டனில் எந்த உதவித்தொகை?

"ஒற்றைத் தலைவலிக்கெல்லாம் அரசாங்கம் காசு தருமா?" பிரிட்டனில் இந்த நோயோடு வாழும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நோயின் பெயருக்காக அங்கே யாருக்கும் பணம் தருவதில்லை. பிப் (பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்), நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ (எம்ப்ளாய்மெண்ட் அண்ட் சப்போர்ட் அலவன்ஸ்), யுனிவர்சல் கிரெடிட் என்று மூன்று வழிகள் உண்டு. நோய் உங்கள் அன்றாடத்தை எவ்வளவு முடக்குகிறது என்று பிப் கேட்கிறது. ஈஎஸ்ஏ கேட்பது உங்களால் வேலை செய்ய முடியுமா என்பதை. வீட்டு வருமானமும் சேமிப்பும் எவ்வளவு என்பது யுனிவர்சல் கிரெடிட்டின் கேள்வி.

ஆனால் தலைவலிக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பிப்பும் யுனிவர்சல் கிரெடிட்டும் பொது நிதி. அவற்றை வாங்கினால் விசாவுக்கே ஆபத்து. இதைக் கேள்விப்பட்டு, "நமக்கு ஒன்றும் கிடையாது" என்று ஒதுங்கிவிடும் நர்ஸுகளும் ஐடி ஊழியர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ பொது நிதி அல்ல. கடந்த 2, 3 ஆண்டுகளில் உங்கள் சம்பளத்தில் பிடித்த நேஷனல் இன்சூரன்ஸ் பணத்துக்கு ஈடாக வருவது அது. சேமிப்பையோ துணைவரின் சம்பளத்தையோ பார்ப்பதில்லை. நிறுவனம் தரும் நோய்க்காலச் சம்பளம் 28 வாரங்களில் முடிந்ததும், குடும்ப மருத்துவர் (ஜிபி) தரும் ஃபிட் நோட் என்ற சான்றோடு இதற்கு விண்ணப்பிக்கலாம்.

யுனிவர்சல் கிரெடிட் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானது. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் கிடைக்காது.

நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ உள்ளவர்கள் பிப்பைத்தான் முதலில் முயல வேண்டும் என்பேன். வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாம், வருமான வரம்பு இல்லை, வரியும் இல்லை. கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகளாவது அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அகதித் தகுதி பெற்றவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமெண்ட் உள்ளது.

பிப்பில் சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என்று 12 செயல்களுக்குப் புள்ளி போடுவார்கள். அன்றாட வாழ்வுப் பிரிவில் 8 புள்ளி வந்தால் வாரம் 73.90 பவுண்ட், 12 வந்தால் 110.40 பவுண்ட், இவை 2025-26 தொகைகள். ஒரு செயல் முடியவில்லை என்பது பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உண்மையாக இருக்க வேண்டும். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்தால்தான் மருத்துவர்கள் அதை நாட்பட்டது என்கிறார்கள். அதாவது நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறார். 14 நாள் என்று எழுதுவதற்கும் 17 நாள் என்று எழுதுவதற்கும் இடையில் முழுத் தொகையும் போய்விடலாம்.

வலித்த நாளை மட்டும் எண்ணுவதால்தான் பலருக்குக் கணக்கு குறைகிறது. வலி வருவதற்கு முன் கண் கூசித் தடுமாறிய நாளும், வலி விட்ட பிறகு எழுந்து நிற்க முடியாமல் கிடந்த நாளும் அடுப்படிக்குப் போக முடியாத நாட்களே. ஒரு நாளின் ஒரு பகுதியில் முடியாமல் போனாலும் அந்த நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். எளிய சாப்பாடுகூடச் செய்ய முடியாத நாட்கள் மாதத்தில் பாதியைத் தாண்டினால் அந்த ஒரு செயலுக்கே 8 புள்ளி. ஆகவே, டைரியில் "தலைவலி" என்று மட்டும் எழுதாதீர்கள். "சமைக்கவில்லை, மகள் சோறு கொண்டுவந்தாள், இரண்டு தடவை வாந்தி, குளிக்கவில்லை" என்று எழுதுங்கள்.

இந்தப் புள்ளிகளுக்காக நடக்கும் மதிப்பீட்டில் நம்மைக் கவிழ்ப்பது ஒரே ஒரு சொல்: "சமாளிக்கிறேன்." உடம்பு எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அங்கே அது முடியும் என்றே பதிவாகும். பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியாததை முடியாது என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிப் வழங்கப்பட்டால் நீங்கள் முதலில் தொலைபேசியில் விண்ணப்பித்த நாளிலிருந்தே பணம் கணக்காகும். மூன்று மாதங்களாக இந்த நிலை தொடர்ந்து, இன்னும் ஒன்பது மாதம் நீடிக்கும் என்று தெரிந்தால் டைரி நிறையட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அழையுங்கள்.